நெய்ப்பிள்ளை

எங்கள் வைத்தியசாலைக்கு ஆண்டு நிறைவாம், சின்னதாக ஒரு மலர் போடுகிறார்களாம். இப்போது அங்கே வேலை செய்யும் பெண்கள் இருவர் போன வாரம் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்கள். “அன்ரி, அந்த நெய்ப்பிள்ளை கதையை நீங்கள்தான் எழுதித் தரவேணும். நாலு நாள் நெய் குடிச்சுப் பிள்ளை தங்கின கதை. இப்பவும் ஆக்கள் வந்து அதைத்தான் கேக்கினம்” என்றார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்கள். “இப்ப முந்தின மாதிரிக் கேள்வி கேக்கிற வேலை இல்லை அன்ரி. எல்லாரும் வீட்டில இருந்தே ஃபோனில நிரப்பி அனுப்பிப்போடுவினம்.”

தொலைபேசியை வைத்த கையோடு குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்து முடித்து மறுபடியும் துடைத்தேன். மனம் ஓரிடத்தில் நிற்காவிட்டால் என் கை இப்படித்தான் வேலை தேடும். அவர்கள் கேட்கும் கதை நடக்கவே இல்லை. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

நான் படித்தது அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் ஆயுர்வேத மருத்துவமனை ஒன்றில் மூன்று வருடம் எண்ணெய் காய்ச்சவும் உடம்பை உருவவும் நீராவியில் வேது பிடிக்கவும் பழகினேன். பிறகு லண்டனுக்கு வந்து முதியோர் இல்லம் ஒன்றில் பதினொரு வருடம் கட்டில் விரிப்பு மாற்றினேன். அங்கே என் கை பட்டால் கிழவிகள் நன்றாக உறங்குகிறார்கள் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர்தான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆயுர்வேத வைத்தியசாலைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே பத்து வருடத்துக்கு மேல் நின்றேன்.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் பிள்ளையில்லாத பெண்கள். மனோர் பார்க்கிலும் குட்மேய்ஸிலும் இருப்பவர்கள் இரண்டு ரயில் மாறி, ஆற்றைத் தாண்டி எங்களிடம் வருவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களோ ஈஸ்ட் ஹாமில் இருக்கும் வைத்தியரிடம் போவார்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக இந்தப் பாடு. லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கும் என்று நான் நினைத்துச் சிரிப்பதுண்டு.

வைத்தியர் டொக்டர் வசந்தா, கோயம்புத்தூர்க்காரி. மெல்லிய உருவம், மூக்கில் வழுக்கி விழும் கண்ணாடி. யார் வந்தாலும் நாடி பார்க்கமாட்டார், முதலில் கையை நீட்டி ஆஸ்பத்திரிக் கடதாசிகளைக் கேட்பார். ஸ்கேன், இரத்தச் சோதனை, கணவனின் சோதனை எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். வந்தவர்கள் நெளிவார்கள். கடதாசி பார்க்கவா ஆற்றைத் தாண்டி வந்தோம் என்பது அவர்கள் முகத்தில் தெரியும். படித்து முடித்ததும் எல்லோரிடமும் ஒரே பேச்சுத்தான். “குழந்தை கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். உடம்பைத் தயார் பண்றது மட்டும்தான் என் வேலை. ஆஸ்பத்திரித் தேதியை விட்டுடாதீங்க.” இப்படிப் பேசினால் யார் திரும்பி வருவார்கள் என்று நான் தொடக்கத்தில் முணுமுணுத்திருக்கிறேன். ஆனாலும் வந்தார்கள்.

சிகிச்சை முறை இதுதான். மாதவிலக்கு முடிந்த பிறகு நான்கு நாள் வெறும் வயிற்றில் மருந்து நெய். முதல் நாள் இரண்டு மேசைக்கரண்டி, பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவோம். பசித்தால் சுடுநீரும் கஞ்சியும் மட்டும். அடுத்த இரண்டு நாள் எண்ணெய் பூசி உருவி வேது பிடிப்போம். ஏழாம் நாள் காலை பேதி மருந்து. வயிற்றில் பிள்ளை இருக்கும் ஒருத்திக்கு அந்தப் பேதி மருந்தைக் கொடுத்தால் கரு கலையக்கூடும். அதனால் டொக்டர் ஒவ்வொருவரின் தாளிலும் முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டம் ஒன்று போட்டிருந்தார். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாள் எது என்று வாயால் கேட்கவேண்டும், அவர் சொல்வதை அப்படியே எழுதவேண்டும். நெய் தொடங்குமுன் ஒரு தடவை, பேதிக்கு முன் ஒரு தடவை, சிறுநீரில் குச்சி வைத்துக் கர்ப்பச் சோதனை செய்யவேண்டும். “பார்த்து எழுதாதீங்க லோகா, கேட்டு எழுதுங்க” என்பார்.

எனக்கு இந்த இரண்டுமே பிடிக்கவில்லை. எங்கள் வீடுகளில் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் இல்லை. ஒருத்தி தலை முழுகிக் கூந்தலை விரித்து நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தால், மாதவிலக்கு முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கும். நான் யாழ்ப்பாணத்துக்காரி, எனக்கு இதைக் கோயம்புத்தூர்க்காரி பழக்குவதா என்று ஒரு மிடுக்கு. குச்சி விஷயம் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் அந்தக் குச்சியோடு கழிவறைக்குள் போய் அரைமணி நேரம் வரவில்லை. வந்தபோது குச்சியைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தாள். “இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாப்பமா அக்கா?” என்று கேட்டாள். பிள்ளைக்காக ஏங்குகிறவளின் கையில் அந்த ஒற்றைக் கோட்டைக் கொடுத்து வேடிக்கை பார்க்கவேண்டுமா? அதற்குப் பிறகு, தலை முழுகி வந்தவர்களுக்கு நான் குச்சி கொடுப்பதில்லை. மாதவிலக்கு முடிந்து வந்தவளுக்கு என்ன கர்ப்பம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, கட்டத்தை நிரப்பிவிடுவேன்.

சுகந்தி வந்தது இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு பங்குனி மாதம். முப்பத்தொன்பது வயது. கணவர் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்து குட்மேய்ஸில் பலசரக்குக் கடை போட்டிருந்தார். முதல் நாள் மாமியாரோடு வந்தாள். மாமியார்தான் பேசினார். “ஊரில எண்டால் இதுக்கிடையில ரெண்டு பெத்திருப்பா டொக்டர். இந்தக் குளிர்தான் கருப்பையைச் சுருக்கிப்போட்டுது.” டொக்டர் தலையை நிமிர்த்தாமலே, “குளிர்ல இருக்கிறவங்கதான் இந்த ஊர்ல எல்லாருமே” என்று சொல்லிக் கடதாசியைத் திருப்பினார்.

கடதாசியில் விஷயம் தெளிவாக இருந்தது. சுகந்திக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லை, இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளி வரும். ஆஸ்பத்திரியில் சோதனைக்குழாய் முறைக்கு ஒரே ஒரு தடவை இலவசமாகச் செய்வார்கள். அவளுடைய முறை கோடையில் வருகிறது. அடுத்த பிறந்தநாள் வந்துவிட்டால் வயது கடந்து அதுவும் இல்லை. அதற்கு முன் உடம்பைத் தயார்செய்ய எங்களிடம் வந்திருக்கிறாள். மாதவிலக்கு வந்து முடிந்ததும் தொலைபேசியில் சொல்லிவிட்டு வா என்றார் டொக்டர். ஆனால் மாமியார் பஞ்சாங்கம் பார்த்து ஒரு புதன்கிழமையைக் குறித்துவிட்டார். கடையில் அவள் இடத்துக்கு ஆளும் பிடித்தாகிவிட்டது.

அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும் எப்படி இருந்தோம் என்பதைச் சொல்லவேண்டும். ஊரில், வன்னியில் கடைசிச் சண்டை. ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி. உருவுகிற மேசையில் படுத்திருக்கும் பெண் பாதியில் எழுந்து எண்ணெய்க் கையோடு தொலைபேசியைத் தேடுவாள். கீழே சேலைக்கடையில் பாட்டு நின்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேலையை முடித்துவிட்டு ஆர்ப்பாட்டத்துக்குப் போய்க் கத்திவிட்டு, திங்கட்கிழமை தொண்டை கட்டி வேலைக்கு வருவோம். ஒருவரைப் பார்த்து உங்கட ஆக்கள் சுகமோ என்று கேட்கவும் பயம்.

புதன்கிழமை சுகந்தி தனியாக வந்தாள். கூந்தல் ஈரம், நுனியில் முடிச்சு. முகம் வெளிறி, கண் சிவந்திருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். “முழுகிட்டீர் போல. நல்லது, தொடங்குவம்” என்றேன். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அந்த வாய் திறந்து மூடியது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நான் சிவப்புக் கட்டத்தில் நாலு நாளுக்கு முந்திய திகதியைப் போட்டு, சோதனை சரி என்று குறியும் வைத்து, நெய்யைச் சூடாக்கப் போனேன்.

நான்கு நாள் நெய் குடித்தாள். மூன்றாம் நாள் ஓங்காளித்தாள். நெய் குடிக்கும் பத்துப் பேரில் ஏழு பேர் ஓங்காளிப்பார்கள் என்பதால் நான் பெரிதாக எடுக்கவில்லை, ஒரு துண்டு இஞ்சி கொடுத்தேன். எண்ணெய் பூசிய இரண்டு நாளும், “தலைக்கு மட்டும் வேண்டாம் அக்கா, தடிமன்” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். தாளைப் பார்த்த டொக்டரும் திகதி சரியாக இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் கையெழுத்தை நம்பினார்.

ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை. பேதி மருந்து காலை ஏழரைக்குக் கொடுப்பது. டொக்டர் பத்து மணிக்குத்தான் வருவார், அதுவரை நான் மட்டும். கோப்பையில் மருந்தைக் கலக்கிச் சுகந்தியின் கையில் கொடுத்தேன். குடிக்குமுன் உச்சியில் ஒரு கை எண்ணெய் வைப்பது எங்கள் முறை. எண்ணெயைத் தொட்டுக்கொண்டு போனேன். அவள் தலையை இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம் அக்கா. தடிமன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன தடிமன்? மூக்கும் அடைக்கேல்லை, தும்மலும் இல்லை. உச்சிக்கு வைக்காமல் இதைக் குடிக்க விடமாட்டன்.”

“வைக்கக் கூடாதக்கா.”

“ஏன் கூடாது?”

ஏழு நாளில் நான் அவளிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான். அவள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். “தம்பி செத்துப்போனான் அக்கா.”

தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு ஒரே தம்பி, வன்னியில் இருந்தவன். புதன்கிழமை விடிய, அவனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த ஒருவர் எங்கிருந்தோ தொலைபேசி எடுத்து அன்று அதிகாலை முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கணவர் கடை திறக்கப் போயிருந்தார், மாமியார் சாமியறையில். யாருக்கும் சொல்லாமல், சாவு கேட்டதும் முழுகவேண்டும் என்பதால் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறாள். “மாமி அறிஞ்சால் சாவுத் துடக்கு எண்டு முப்பத்தொரு நாளைக்கு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவா. பிறகு நாள் பாக்கவேணும், கடைக்கு ஆள் பிடிக்கவேணும். அதுக்குள்ள ஆஸ்பத்திரி முறையும் வந்திடும். எனக்கு இனி எங்கயக்கா நேரம்? அவனுக்கு ஒரு மாசம் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்கிறது ஒண்டுதான் என்னால ஏலும்.”

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். என் கை எண்ணெய் அவள் தோளெல்லாம் பட்டது. அழுதுகொண்டிருக்கும்போதே புதன்கிழமை பார்த்த ஈரத்தலை நினைவுக்கு வந்தது. அவளை விட்டு விலகி நின்றேன்.

“அப்ப அண்டைக்கு நீர் முழுகினது தம்பிக்கோ?”

“ஓம்.”

“மாதவிலக்கு?”

“அது இன்னும் வரேல்லை அக்கா. தை மாசத்துக்குப் பிறகு வரேல்லை. அண்டைக்குச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் தலையைப் பாத்திட்டு நல்லது எண்டு சொல்லிப்போட்டியள். சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்.”

கோப்பையை அவள் மடியிலிருந்து பறித்தேன். பாதி என் சட்டையில் கொட்டியது. மேசை இழுப்பறையைத் திறந்து குச்சியை எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை கழிவறைக் கதவுக்கு வெளியே நான் நின்றேன், நிற்கமுடியாமல் நடந்தேன், மறுபடி நின்றேன். அவள் வெளியே வந்து குச்சியை என்னிடம் நீட்டினாள். இரண்டு கோடு.

“இது பழைய குச்சியோ அக்கா?” என்று கேட்டாள். இன்னொன்று கொடுத்தேன். அதிலும் இரண்டு கோடு. அவள் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் குந்தினாள். “நெய் குடிச்சனான், வேது பிடிச்சனான். பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதே?” என்றாள். டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அரைமணி நேரத்தில் வந்தார். சுகந்தியை நிலத்திலிருந்து தூக்கி நாற்காலியில் இருத்தினார். நெய்யில் என்னென்ன சேர்ந்தது, எத்தனை கரண்டி, வேது எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்கு ஆங்கிலத்தில் விவரமாக எழுதினார். ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு தாளை எடுத்துச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார்.

“கேட்டீங்களா, பார்த்தீங்களா?”

“பாத்தனான்” என்றேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேனாவை நீட்டினார். “அடிச்சுட்டு உண்மையை எழுதுங்க.” நான் எழுதிய திகதியை ஒரு கோட்டால் வெட்டி, கீழே எழுதினேன்: கேட்கவில்லை. ஈரத்தலையைப் பார்த்து எழுதினேன். சோதனை செய்யவில்லை. அவர் தம்பி இறந்த செய்தி கேட்டுப் புதன்கிழமை முழுகியவர். கையெழுத்தும் போட்டேன். “அவங்ககிட்டயும் நீங்கதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, டாக்ஸி பிடித்து அவளைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சொல்லத்தான் டாக்ஸி வரைக்கும் போனேன். சுகந்தி என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்கள் அதைப் பறிக்காட்டி என்ன நடந்திருக்கும்” என்றாள். நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் பொறுத்து ஸ்கேன் செய்யலாம் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நான் மனுசியாக இருக்கவில்லை. பேருந்தில் இருக்கமுடியாமல் நடந்து வேலைக்குப் போனேன். இதயத்துடிப்புத் தெரிகிறது என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகும் அமைதி இல்லை. வேது பிடித்த சூடு என்ன செய்திருக்குமோ, கை கால் சரியாக இருக்குமோ என்று மாதம் மாதமாக அரித்தது. கறித்தூள் வாங்கும் சாட்டில் குட்மேய்ஸுக்கு இரண்டு தடவை போய் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். “என்னக்கா, உங்கட பக்கம் தூள் இல்லையோ?” என்று அவள் கணவர் கேட்டார். உங்கட தூள் போல வராது என்றேன். இரண்டும் ஒரே கம்பனித் தூள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. மாமியாருக்குத் தலைகால் தெரியவில்லை. நாலு நாள் நெய்யில் என் மருமகளுக்குப் பிள்ளை தங்கியது என்று மனோர் பார்க் கோயில் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். குழந்தைக்கு நெய்ப்பிள்ளை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கள் மாடிப்படியில் பெண்கள் வரிசையாக ஏறினார்கள். குட்மேய்ஸ்காரிக்குக் கொடுத்த அதே நெய்தான் வேண்டுமாம். “அந்த நெய்க்கும் அந்தக் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லம்மா, கரு முன்னாடியே இருந்துச்சு” என்று டொக்டர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைக் காட்டினார்கள், டொக்டர் இரகசியத்தை விடமாட்டார் என்று.

குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு என்னை அழைத்தார்கள். மாமியார் குழந்தையை என் மடியில் வைத்து, “லோகா, இது உங்கட கையால வந்தது” என்றார். குழந்தை என் விரலைப் பிடித்தது. அதற்கு மேல் என்னால் அங்கே இருக்கமுடியவில்லை. எழுந்து குசினிக்குப் போனேன். சுகந்தி தனியே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காததையும், குச்சி கொடுக்காததையும், கொடுத்ததாகக் குறி வைத்ததையும், பிறகு அதை வெட்டி அவள் தம்பிக்கு முழுகிய நாளைத் தாளில் எழுதியதையும்.

அவள் குழாயை நிறுத்தினாள். “நீங்கள் கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பன் அக்கா. வந்து முடிஞ்சுது எண்டு சொல்லியிருப்பன்.” பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “ஆனால் குச்சி பொய் சொல்லாது. அதைத் தந்திருக்கலாம். பத்து வருசமா அந்த ஒத்தைக் கோட்டைப் பாத்தனான். இன்னொருக்காப் பாத்தால் செத்தே போயிருப்பனோ?”

என் இரக்கத்துக்கு அதற்கு மேல் ஒரு அடி வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

“மாமிக்கு மட்டும் சொல்லாதேங்கோ. தம்பியின்ர செய்தி வந்த நாளை நான் மாத்திச் சொல்லிப்போட்டன். டொக்டரோட ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அழுதனான், அண்டைக்குத்தான் செத்தவன் எண்டு. இனித் திதியும் அந்த நாளிலதான் குடுப்பினம். அவன்ர சரியான நாள் உங்கட தாளில மட்டும்தான் இருக்கு.”

மாமியாருக்கு நான் சொல்லவே இல்லை. அடுத்த பங்குனியில், அந்த நாளில், காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. “அக்கா, முழுகிட்டன்.” எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், “ஏன் முழுகினனீர்?” என்று கேட்டேன். “தம்பிக்கு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு வருடமும் அதே நாள், அதே கேள்வி. அவள் தன் தம்பியைப் பற்றி அந்த நாளில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

போன வருடம் மாமியார் காலமானார். இதை எழுதட்டுமா என்று சுகந்தியிடம் கேட்டேன். “எழுதுங்கோ அக்கா. என்ர மகளுக்கும் எல்லாம் சொல்லிப்போட்டன்” என்றாள்.

இந்தப் பங்குனியிலும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இந்தத் தடவை குரல் வேறு. நெய்ப்பிள்ளை. ஆங்கிலமும் தமிழும் கலந்து, “அன்ரி, அம்மா முழுகிட்டா. நானும் முழுகிட்டன்” என்றாள்.

“நீர் ஏன் முழுகினனீர்?” என்று கேட்டேன்.

“மாமாக்கு” என்றாள்.